அயர்கூட் ஒரு மதிப்பெண் விடை அல்ல



கொஞ்சம் நீளமான பதிவு. காலையில் அவசரமாக வேலைக்குப் போகிறவர்கள் சாயங்காலம் படியுங்கள். பாதி படித்துவிட்டுக் கைகூப்பும் படம் மட்டும் போட வேண்டாம். முழுசாகப் படித்துவிட்டுத் திட்டினாலும் சந்தோஷம்.

விஷயம் இதுதான். லண்டனில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன் போன வாரம் ஒரு படம் அனுப்பியிருந்தான். வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் இருக்கும் சர் அயர்கூட் நினைவுச் சின்னம். "சார், நீங்க எட்டாம் வகுப்புல சொல்லிக் கொடுத்த ஆளு! வந்தவாசிப் போர் 1760! இன்னும் ஞாபகம் இருக்கு பாருங்க" என்று எழுதியிருந்தான். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதோடு விட்டிருக்கலாம். கீழே இன்னொரு பத்தி எழுதிவிட்டான். "அவங்ககிட்ட ஒழுக்கம் இருந்தது, ஒற்றுமை இருந்தது. நம்மகிட்ட ரெண்டும் இல்ல. இந்த மாதிரி ஆளுங்க வந்து காப்பாத்தலேன்னா நம்ம ஜில்லாவே சுடுகாடா போயிருக்கும் சார்."

இதை நான் வெகுளித்தனமாகக் குடும்பக் குழுவில் பகிர்ந்தேன். என் தங்கை மகன் கொதித்துவிட்டான். "மாமா, இந்த வெள்ளைக்காரன் பேரையெல்லாம் பாடப் புத்தகத்திலேருந்தே தூக்கணும். நீங்க ஏன் அவனையெல்லாம் சொல்லிக் கொடுத்தீங்க?" என்று ஆரம்பித்தான். அதற்குப் பதினேழு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருக்கிறார்கள்.

இரண்டு பேருக்கும் பதில் சொல்லத்தான் இந்தப் பதிவு. இரண்டு பேரும் தப்பு. அதைவிடப் பெரிய தப்பு என்னுடையது. அதையும் சொல்கிறேன்.

32 வருடம் பாடம் நடத்தினேன். "வந்தவாசிப் போரில் பிரெஞ்சுக்காரர்களைத் தோற்கடித்த ஆங்கிலத் தளபதி யார்?" விடை: சர் அயர்கூட். ஒரு மதிப்பெண். "தோற்றவர் யார்?" கவுண்ட்-டி-லாலி. இன்னொரு மதிப்பெண். பொருத்துக பகுதியில் ஒரு முறை, கோடிட்ட இடத்தில் ஒரு முறை. விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையில் அச்சில் ஊற்றிப் பொம்மை எடுப்பது போல வருடத்துக்கு நாற்பது பிள்ளைகள். எல்லாருக்கும் அதே விடை. அந்த ஆள் யார், எங்கே வந்தார், யாரை வைத்துச் சண்டை போட்டார், யார் சோற்றைத் தின்றார் என்று ஒரு நாளும் நான் சொன்னதில்லை. அதனால்தான் என் மாணவன் லண்டனில் போய் நின்று அந்தச் சிலையைப் பார்த்து மெய்சிலிர்க்கிறான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்வோம்.

1726இல் அயர்லாந்தில் லிமரிக் பகுதியில் பிறந்தவர். பாதிரியார் மகன். இவர் கும்பினியின் ஆள் இல்லை, இங்கிலாந்து மன்னரின் ராணுவ அதிகாரி. இந்த வித்தியாசம் முக்கியம், இவருடைய பாதிச் சண்டைக்கு இதுதான் காரணம். 1754இல் 39ஆம் படைப்பிரிவோடு இந்தியாவுக்கு வந்தார். 1757 ஜனவரியில் கல்கத்தா கோட்டையைத் திரும்பப் பிடித்தபோது, கோட்டைக்குள் அதிகாரம் யாருக்கு என்று கிளைவுக்கும் இவருக்கும் தகராறு. அதே வருடம் ஜூனில் பிளாசிப் போருக்கு முன் நடந்த ஆலோசனையில் கிளைவே தயங்கினார். "இப்போதே அடிப்போம்" என்று வாக்களித்தவர் கூட். துணிச்சல்காரர், மறுக்கவில்லை. என் தங்கை மகனுக்கு இது பிடிக்காது. ஆனால் பிடிக்காதவர்களைக் கோழை என்று எழுதுவதும் ஒரு வகைப் பொய்தான்.

பிறகு தென்னாட்டுக்கு வந்தார். 1759 நவம்பர் கடைசியில் வந்தவாசிக் கோட்டையைப் பிடித்தார். டிசம்பரில் கருங்குழி. 1760 ஜனவரி 22, வந்தவாசிப் போர். லாலி தோற்றார், புஸ்ஸி பிடிபட்டார். பாடத்தில் இவ்வளவுதான்.

பாடத்தில் இல்லாதது ஒன்று. அன்றைக்குப் பிரெஞ்சு அணியின் இடது பக்கத்தில் ஒரு வெடிமருந்து வண்டி குண்டு பட்டு வெடித்தது. பக்கத்தில் நின்றவர்கள் செத்து விழ, அந்தப் பக்கத்து அணியே கலைந்தது. போரின் போக்கு அங்கேதான் திரும்பியது. கூட் நல்ல தளபதிதான், அதற்காக அந்த வண்டியை மறந்துவிட முடியுமா? இன்னொன்று, லாலியோடு வந்திருந்த மராட்டியக் குதிரைப் படை தள்ளி நின்று வேடிக்கை பார்த்தது. இந்தப் போரில் கைகலந்தவர்கள் பெரும்பாலும் இரண்டு பக்கத்து வெள்ளைக்காரர்கள். சிப்பாய்களுக்கு அன்று பெரிய வேலை இல்லை. இதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் சிப்பாய்களைப் பற்றி நிறையச் சொல்லப் போகிறேன்.

இப்போது "ஒற்றுமை"க்கு வருவோம் தம்பி.

வந்தவாசிக்குப் பிறகு புதுச்சேரியை வளைத்தார்கள். முற்றுகை நடுவிலேயே லண்டனிலிருந்து ஒரு உத்தரவு வந்தது. மான்சன் என்ற அதிகாரிக்குப் பதவி மூப்பு அதிகம் என்று தலைமை அவரிடம் போனது. கூட் கோபித்துக்கொண்டு சென்னைக்குப் போய்விட்டார். மான்சன் காயம்பட்டதும் இவரைத் திரும்ப அழைத்தார்கள். 1761 ஜனவரி 16இல் புதுச்சேரி விழுந்தது. உடனே அடுத்த சண்டை. ஊர் மன்னருக்கா, கும்பினிக்கா? சென்னைக் கவர்னர் பிகட் "கும்பினிக்குத்தான்" என்றார். மன்னரின் அதிகாரிகள் முடியாது என்றார்கள். பிகட் என்ன செய்தார் தெரியுமா? "ஊரைக் கொடுக்காவிட்டால் படைக்குச் சம்பளம் தரமாட்டேன்" என்றார். கூட் இறங்கி வந்தார். ஊரை வாங்கிக்கொண்ட பிகட் அதை இடித்துத் தரைமட்டமாக்கினார்.

1769இல் சென்னை ராணுவத்துக்குத் தலைமைத் தளபதியாகத் திரும்பி வந்தார். கவர்னர் டூ ப்ரேயோடு தகராறு. அடுத்த வருடமே கிளம்பிவிட்டார். 1781இல் கவர்னராக வந்த மெக்கார்ட்னியோடும் ஒத்துப்போகவில்லை. ராணுவம் கவர்னர் பேச்சைக் கேட்பதா, தளபதி பேச்சைக் கேட்பதா என்று சாகும்வரை கடிதச் சண்டை. கிளைவ், மான்சன், பிகட், டூ ப்ரே, மெக்கார்ட்னி. ஒரு மனிதனின் வாழ்க்கையில் ஐந்து பெரிய குடுமிப்பிடி. இதுதான் நீ சொன்ன ஒற்றுமை!

நம்மிடம் ஒற்றுமை இல்லை என்று சொல்வதற்கு முன் "நாம்" என்று ஒன்று அன்றைக்கு இருந்ததா என்றும் யோசிக்க வேண்டும். ஆற்காட்டு நவாப் முகமது அலி ஒரு பக்கம், மைசூர் ஹைதர் அலி ஒரு பக்கம், தஞ்சாவூர் தனி, பாளையக்காரர்கள் தனி. விருத்தாசலம் கோயிலே 1751இல் கும்பினிப் படையின் முகாம். இளைஞன் கிளைவ் அங்கே வந்துவிட்டுத் திரும்பும்போது பாளையக்காரர்களின் ஆட்கள் வழிமறித்துச் சுட, குதிரையைத் தட்டிவிட்டுத் தப்பித்தார். விருத்தகிரீஸ்வரர் கோயில் தேரோட்டத்துக்குப் போகிற நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? எனக்கே ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது.

புதுச்சேரி முற்றுகையில் இன்னொரு சம்பவம். இதைப் படித்த அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

1760 நவம்பர் கடைசி. ஊருக்குள் தானியம் தீர்ந்துகொண்டே வருகிறது. லாலி கணக்குப் போட்டார். சண்டை போடாத வாய்கள் எதற்கு? தமிழ் மக்களில் ஆண், பெண், குழந்தை என்று சுமார் 1400 பேரைக் கோட்டைக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். அவர்கள் ஆங்கிலேயர் வரிசைக்கு வந்தார்கள். கூட் விடவில்லை. விட்டால் ஊருக்குள் பசி குறையுமே, சரணடைவது தள்ளிப்போகுமே! திரும்பிக் கோட்டைக்குப் போனால் அங்கேயும் சுடுகிறார்கள். இரண்டு படைக்கும் நடுவில், வெட்டவெளியில், ஒரு வாரத்துக்கு மேல், புல்லின் வேரைப் பிடுங்கித் தின்றுகொண்டு கிடந்தார்கள். கார்த்திகை மாதம். மழையும் பனியும் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். கடைசியில்தான் கூட் மனம் இறங்கி வழிவிட்டார்.

இரண்டு தளபதிகளும் போட்டது சரியான ராணுவக் கணக்கு. லாலிக்கு வாய்கள் குறைய வேண்டும், கூட்டுக்கு வாய்கள் குறையக் கூடாது. அந்த 1400 பேரில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. ஊருக்குள் 24 வருடத்துக்கும் மேலாக நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, நகரம் விழுவதற்குச் சில நாள் முன்பு அதே ஜனவரியில் கண்ணை மூடினார். லாலியை அவர் நாட்டிலேயே 1766இல் தலையை வெட்டினார்கள். கூட்டுக்குக் கும்பினி 700 பவுண்டு பெறுமான, வைரம் பதித்த கைப்பிடி கொண்ட வாள் பரிசளித்தது.

வந்தவாசி நமக்குக் கொஞ்சம் தூரம். இனி நம் ஜில்லாவுக்கு வருகிறேன். என் மாணவனின் "காப்பாத்தினார்" என்ற வார்த்தைக்கும் இங்கேதான் பதில் இருக்கிறது.

1780 ஜூலையில் ஹைதர் அலி பெரும்படையோடு மலை இறங்கி வந்தார். கிராமங்களைக் கொளுத்தினார். சென்னையைச் சுற்றி வெள்ளைக்காரனுக்கு ஒரு பிடி நெல்லோ ஒரு மாடோ கிடைக்கக் கூடாது என்பது திட்டம். தங்கை மகனே, நன்றாகக் கேள். எரிந்தது கும்பினியின் வீடு இல்லை. நம்மைப் போன்ற குடியானவனின் களமும் கூரையும். வெள்ளைக்காரனை எதிர்த்தார் என்பதற்காக ஹைதருக்கு மாலை போடுகிறவர்கள் இந்தப் பக்கத்தையும் புரட்ட வேண்டும். செப்டம்பர் 10இல் காஞ்சிபுரம் பக்கம் பொள்ளிலூரில் பெய்லியின் படை அழிந்தது. பக்கத்திலேயே இருந்த மன்றோ, பீரங்கிகளைக் காஞ்சிபுரம் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்கு ஓடினார். நவம்பரில் வங்காளத்திலிருந்து கப்பலில் வந்து இறங்கினார் கூட். அப்போது இந்தியா முழுமைக்கும் தலைமைத் தளபதி. வயது 54. உடம்பு ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தது.

1781 பிப்ரவரியில் கடலூர் வந்து சேர்ந்தார். ஜூன் வரைக்கும் அங்கேயே மாட்டிக்கொண்டார். ஏன்? அரிசி இல்லை. இழுக்க மாடு இல்லை. கடல் வழியாக வரும் மூட்டைகளை நம்பித்தான் படை உயிரோடு இருந்தது. அவர் எழுதிய கடிதங்களில் பாதி மாட்டைப் பற்றியும் அரிசியைப் பற்றியும்தான். பீரங்கி வண்டியை இழுக்க மாடு இல்லாத தளபதி என்ன செய்ய முடியும்? சுற்றுப்பட்டு ஊர்களில் கிடைத்ததை எடுத்துக்கொண்டார்கள். ஹைதரின் ஆட்கள் விட்டுவைத்ததை இவர்கள் எடுத்தார்கள், இவர்கள் விட்டுவைத்ததை அவர்கள் எடுத்தார்கள்.

ஜூன் நடுவில் வெள்ளாற்றைத் தாண்டினார். நம் திட்டக்குடி, பெண்ணாடம் வழியாகப் போகிற அதே வெள்ளாறுதான். பரங்கிப்பேட்டையில் கடலில் சேர்கிறது. ஆற்றைத் தாண்டி எங்கே போனார்? சிதம்பரத்துக்கு. நடராஜர் கோயிலை ஹைதரின் ஆட்கள் கோட்டையாக்கி வைத்திருந்தார்கள். உள்ளே தானியம் இருந்தது. ஜூன் 18 இரவு தாக்கினார். வெளிச் சுற்றைத் தாண்டி நுழைந்தார்கள், உள்ளே போக முடியவில்லை. ஆளும் போய், பீரங்கியும் போய், திரும்பி வந்தார்.

இது எந்தப் பாடத்தில் இருக்கிறது? சிதம்பரத்துக்கு ஆருத்ரா தரிசனத்துக்கு வருடா வருடம் போகிறோம். வந்தவாசியில் வென்ற அதே அயர்கூட் சிதம்பரம் கோயில் வாசலில் தோற்றுத் திரும்பினார் என்று நான் ஒரு பிள்ளைக்கும் சொன்னதில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை. கேள்வித்தாளில் வராதே!

தோற்ற செய்தி கேட்டதும் ஹைதர் வேகமாக வந்து, கூட் கடலூருக்குத் திரும்பும் வழியை அடைத்தார். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் எதிரி, சாப்பாடு கையில் சில நாளைக்கு. ஜூலை 1, பரங்கிப்பேட்டைப் போர். கூட்டிடம் எட்டாயிரத்துச் சொச்சம் பேர், ஹைதரிடம் அதைப்போல் பல மடங்கு. கடலோர மணல்மேடுகளுக்கு நடுவே ஹைதரின் ஆட்களே பீரங்கி கொண்டுபோக ஒரு வழி வெட்டியிருந்தார்கள். அதைக் கண்டுபிடித்து அதன் வழியே பக்கவாட்டில் புகுந்தார் கூட். கடலிலிருந்து ஒரு சிறு கப்பல் சுட்டுக்கொடுத்தது. ஹைதரின் தளபதி மீர் சாகிப் விழுந்தார். சாயங்காலத்துக்குள் முடிந்தது. கூட் தரப்பில் இழப்பு சில நூறு. ஹைதர் தரப்பில் பத்தாயிரம் என்று வென்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். வென்றவர்கள் எழுதும் கணக்கு எப்போதும் முழு எண்ணாகத்தான் இருக்கும்.

அந்த எட்டாயிரம் பேரில் வெள்ளைக்காரர்கள் நாலில் ஒரு பங்குதான். மீதி எல்லாம் சிப்பாய்கள். தமிழர், தெலுங்கர், முஸ்லிம்கள். சுடுமணலில் நடந்து பீரங்கிக்கு முன்னால் நின்றவர்கள் அவர்கள். வென்ற பிறகு ஐரோப்பிய அதிகாரிகள் பெயரோடு பதிவானார்கள், சிப்பாய்கள் எண்ணிக்கையாகப் பதிவானார்கள். நீ சொன்ன ஒழுக்கம் யாருடையது என்று இப்போது சொல் தம்பி.

அந்தச் சிப்பாய்களும் ஆட்டினால் ஆடும் பொம்மைகள் இல்லை. 1780 அக்டோபரில் விசாகப்பட்டினத்தில் சிப்பாய்களைச் சென்னைக்குக் கப்பல் ஏறச் சொன்னபோது மறுத்துக் கலகம் செய்தார்கள். வங்காளத்துச் சிப்பாய்கள் கப்பலைத் தவிர்த்துக் கடலோரமாகவே நடந்து வந்து 1781 ஆகஸ்டில் கூட்டோடு சேர்ந்தார்கள். எத்தனை நூறு மைல் என்று வரைபடத்தில் விரல் வைத்துப் பாருங்கள். கூட்டைச் சிப்பாய்களுக்குப் பிடிக்கும் என்பதும் உண்மை. "கூட் பகதூர்" என்று கூப்பிட்டார்கள். அவர் செத்துப் பல வருடம் கழித்தும் சென்னையில் மாட்டியிருந்த அவர் படத்துக்குக் கிழட்டுச் சிப்பாய்கள் சலாம் வைத்தார்கள் என்று வரலாற்றாசிரியர் வில்க்ஸ் எழுதியிருக்கிறார். இருக்கட்டும். அவர்கள் அவருக்குச் சலாம் வைத்தார்கள். அவர்களுக்கு யார் சலாம் வைத்தது?

இங்கே என் தப்பைச் சொல்கிறேன் என்றேனே, அது இதுதான்.

1998 என்று நினைவு. எட்டாம் வகுப்பு. மத்தியான சாப்பாட்டுக்குப் பிறகு உள்ள பாடவேளை, பாதிப் பேர் தூங்கி வழிவார்கள். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து கேட்டான். "சார், அந்தச் சண்டையில நம்ம ஊரு ஆளுங்க யாரு பக்கம் சார்?" எனக்கு விடை தெரியாது. தெரியாது என்று சொல்லவும் மனம் வரவில்லை. "அதெல்லாம் பரீட்சைக்கு வராது, உட்கார்ரா" என்றேன். வகுப்பே சிரித்தது. அவன் உட்கார்ந்தான். அதற்குப் பிறகு அந்த வருடம் முழுக்க அவன் ஒரு கேள்வியும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டான். போன தீபாவளிக்கு முன்னால் விருத்தாசலம் பஸ் நிலையத்தில் பார்த்தேன். பீங்கான் சூளையில் வேலையாம். "சார், நல்லா இருக்கீங்களா?" என்று கையைப் பிடித்துக்கொண்டான். எனக்கு அந்தக் கேள்விதான் ஞாபகம் வந்தது. கேட்டவனுக்கு மறந்தே போயிருக்கும். தம்பி, இந்தப் பதிவு உன் கண்ணில் பட்டால், 25 வருடத்துக்கு மேல் தாமதமாக உன் கேள்விக்குப் பதில்: நம்ம ஊர் ஆட்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள். துப்பாக்கி தூக்கியவர்களைவிட, நெல்லைப் பறிகொடுத்தவர்கள்தான் அதிகம்.

சரி, பரங்கிப்பேட்டையில் வென்றாரே, பிறகு என்ன ஆனது? அந்த ஆகஸ்டில் பொள்ளிலூரில் மறுபடி சண்டை, செப்டம்பரில் சோளிங்கர், அடுத்த ஜூனில் ஆரணி. வரிசையாக வென்றார் அல்லது வென்றதாக எழுதினார்கள். ஒவ்வொரு வெற்றிக்கும் பிறகு துரத்திப் போக மாடு இல்லை, சோறு இல்லை. ஹைதர் சாவகாசமாக விலகிப் போவார், மறுபடி வருவார். ஆற்காடு ஹைதர் கையிலேயே இருந்தது. 1782 டிசம்பர் 7இல் சித்தூர் பக்கம் நோயில் ஹைதர் செத்தார். அதுவரை அவரை இந்த மண்ணிலிருந்து கூட்டால் வெளியேற்ற முடியவில்லை. உடம்பு முடியாமல் வங்காளம் போன கூட், 1783இல் திரும்பி வரும்போது பிரெஞ்சுக் கப்பல்கள் துரத்தின. அந்தப் பதற்றத்தில் பக்கவாதம் தாக்கியது. சென்னை வந்து சேர்ந்து ஏப்ரல் கடைசியில் இறந்தார். உடலை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் ராக்போர்ன் என்ற ஊரில் புதைத்தார்கள்.

போர் எப்படி முடிந்தது? 1784 மார்ச் 11, மங்களூர் உடன்படிக்கை. ஒவ்வொரு வருடமும் ஒரு பிள்ளையாவது கேட்கும், "சார், நம்ம மங்களூரா?" என்று. இல்லை, அது மேற்குக் கடற்கரை மங்களூர். திப்பு சுல்தானும் கும்பினியும் கையெழுத்துப் போட்டார்கள். அவரவர் பிடித்த இடத்தை அவரவர் திருப்பிக் கொடுத்துவிடுவது என்பதுதான் சாரம். அதாவது சண்டைக்கு முன்னால் எப்படி இருந்ததோ அப்படி! ஊரெல்லாம் எரிந்து, ஏரிக்கரையெல்லாம் கவனிப்பாரற்றுப் போய், நாலு வருடம் விதைக்கவும் அறுக்கவும் விடாமல் அடித்துவிட்டு, "பழையபடி" என்றார்கள். தளபதிகளுக்குப் பழையபடி ஆகும். செத்தவனுக்கு எப்படி ஆகும்?

என் மாணவன் "காப்பாத்தினார்" என்கிறான். சென்னையில் ஸ்டான்லி ஆஸ்பத்திரியைப் பழைய ஆட்கள் "கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி" என்பார்கள், கேட்டிருப்பீர்கள். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? 1782 பஞ்சத்தில் கிராமங்களிலிருந்து செத்தும் சாகாமலும் சென்னைக்கு வந்து விழுந்த ஜனங்களுக்குக் கஞ்சி ஊற்ற ஆரம்பித்த மணியக்காரர் சத்திரத்திலிருந்து. அந்த அக்டோபரில் அடித்த புயலில் சென்னைக் கடலோரம் நின்ற அரிசிக் கப்பல்களும் பல மூழ்கின. கூட் வெற்றி மேல் வெற்றி குவித்ததாக நான் பாடம் நடத்திய அதே வருடங்கள் இவை. காப்பாற்றினார்தான், யாரை? சென்னைக் கோட்டையை. கும்பினியின் முதலை. ஜார்ஜ் கோட்டைக்குள் இருந்தவர்களுக்கு அவர் இரட்சகர். நம் ஜனத்துக்குக் கிடைத்தது கஞ்சித் தொட்டி.

இரட்சகருக்கு என்ன கொடுத்தார்கள் என்பதும் தெரியட்டும். சம்பளத்துக்கு மேல் வருடத்துக்கு 18,000 பவுண்டு படி கொடுத்தார் வாரன் ஹேஸ்டிங்ஸ். அதில் ஒரு பகுதியை அயோத்தி நவாப் தலையில் கட்டினார். பின்னால் ஹேஸ்டிங்ஸ் மேல் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் கொண்டுவந்த குற்றச்சாட்டுகளில் இதுவும் இடம்பெற்றது. அவர்கள் ஊர்க்காரர்களே கேள்வி கேட்டிருக்கிறார்கள். நாம்தான் கேட்பதில்லை.

இப்போது என் தங்கை மகனுக்கு. மாப்பிள்ளை, பெயரைப் பாடத்திலிருந்து தூக்கினால் சந்தோஷப்படுவது நீ இல்லை, அயர்கூட்தான். சிதம்பரத்தில் தோற்றதும் மறையும், 1400 பேரை வெட்டவெளியில் நிறுத்தியதும் மறையும். சிலை மட்டும் லண்டனில் இருக்கும். பெயர் இருக்கட்டும். அந்தப் பெயருக்குப் பக்கத்தில் மாட்டையும் நெல்லையும் சிப்பாயையும் சேர்த்து எழுதச் சொல். அது கஷ்டம், ஏனென்றால் அதை ஒரு மதிப்பெண்ணில் அடக்க முடியாது. பெயரைத் தூக்குவது சுலபம், அதனால்தான் பதினேழு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். உன் மகள் இப்போது எட்டாம் வகுப்புதானே? அவளை ஒரு ஞாயிற்றுக்கிழமை பரங்கிப்பேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போ. நானும் வருகிறேன். அந்த மணலில் அவளை நிறுத்திவைத்துச் சொல்லிக் கொடுக்க எனக்கு இன்னும் தெம்பு இருக்கிறது. வரும் வழியில் சாப்பாடு உன் செலவு.

கடைசியாக லண்டன் தம்பிக்கு. நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தாமஸ் பேங்க்ஸ் என்ற சிற்பி செய்தது. கும்பினி செலவில் வைத்தது. வெற்றித் தேவதை ஒருத்தி கூட்டின் முகம் பொறித்த வட்டத்தை மாட்டுகிறாள். கீழே ஒரு கைதி குனிந்து உட்கார்ந்திருக்கிறான். மராட்டியக் கைதி என்று சொல்கிறார்கள். கர்நாடகத்தில் கூட் பெயர் வாங்கியது பிரெஞ்சுக்காரரோடும் ஹைதரோடும் போட்ட சண்டையில். மராட்டியன் அங்கே எப்படி வந்தான்? செதுக்கினவருக்கு எல்லாரும் ஒன்றுதான் போலிருக்கிறது. உன் படத்தில் தேவதையும் கூட்டின் முகமும் தெளிவாக இருக்கின்றன. கைதி பாதி வெட்டுப்பட்டுவிட்டான். அடுத்த முறை அந்தப் பக்கம் போனால், அவனைக் கிட்டப் போய் முழுசாக ஒரு படம் எடுத்து அனுப்பு. கூட்டின் முகம் வேண்டாம், அது என்னிடம் இருக்கிறது.